நடக்காத சண்டை, நடந்த போர்

நிலா இல்லாத இரவு. வானமும் கடலும் சேர்ந்து உறுமிக்கொண்டிருந்தன. 1964 ஆகஸ்ட் 4. வடக்கு வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் மாடக்ஸ், டர்னர் ஜாய் என்ற இரண்டு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடியபடி இருட்டைப் பார்த்துச் சுட்டுத் தள்ளின. எதிரிப் படகுகள் சூழ்ந்துகொண்டன, இருபதுக்கும் மேற்பட்ட டார்ப்பிடோக்கள் பாய்ந்து வந்தன என்று தகவல் பறந்தது. ஒரு டார்ப்பிடோ கூடக் கப்பலைத் தொடவில்லை. ஒரு மாலுமிக்குச் சிராய்ப்பு கூட இல்லை. விடிந்த பிறகு உடைந்த படகின் ஒரு பலகையோ, மிதக்கும் ஒரு சட்டையோ கண்ணில் படவில்லை. சுடப்படுவதற்கு அன்றிரவு அங்கே யாரும் இருக்கவில்லை.

அந்த இரவை வைத்துத்தான் அமெரிக்கா தன் வரலாற்றின் மிகக் கசப்பான போருக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தது. 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பலியானார்கள். வியட்நாம் அரசு 1995ல் வெளியிட்ட கணக்கின்படி அந்த நாடு இழந்தது சுமார் 30 லட்சம் உயிர்கள். அவர்களில் 20 லட்சம் பேர் துப்பாக்கி ஏந்தாத பொதுமக்கள்.

இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 2ம் தேதி, உண்மையாகவே ஒரு மோதல் நடந்தது. பட்டப்பகலில் வடக்கு வியட்நாமின் மூன்று டார்ப்பிடோ படகுகள் மாடக்ஸை நோக்கிச் சீறி வந்தன. முதலில் எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டது மாடக்ஸ்தான். படகுகளின் டார்ப்பிடோக்கள் குறி தவறின. கப்பலில் பாய்ந்தது ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி ரவை. டிகாண்டெரோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த விமானங்கள் படகுகளைத் துளைத்தெடுத்தன. நாலு வியட்நாமிய மாலுமிகள் செத்தார்கள். வாஷிங்டன் கண்டனத்தோடு அதை விட்டுவிட்டது.

அந்தப் படகுகள் ஏன் வந்தன? இந்தக் கேள்வியை அமெரிக்க மக்களிடமிருந்து கவனமாக மறைத்தார்கள். ஜூலை 30 நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில், அமெரிக்கா கொடுத்த அதிவேகப் படகுகளில் வந்த தெற்கு வியட்நாம் கமாண்டோக்கள் ஹோன் மே, ஹோன் ஙூ தீவுகளைத் தாக்கியிருந்தார்கள். ‘34ஏ’ என்ற ரகசியத் திட்டத்தின் ஒரு பகுதி அது. திட்டம் போட்டதும் பணம் கொடுத்ததும் பயிற்சி தந்ததும் அமெரிக்கா. மாடக்ஸ் அதே கடலில் உலவிக்கொண்டிருந்தது. கரையோர ராடார்களையும் வானொலிச் செய்திகளையும் ஒட்டுக் கேட்பது அதன் வேலை. தாக்கியது ஒருவர், ஒட்டுக் கேட்டது இன்னொருவர் என்ற நுட்பமான வித்தியாசம் ஹோன் மே தீவில் குண்டு வாங்கியவர்களுக்கு எப்படிப் புரியும்?

ஹனோய் ஒன்றும் பச்சைக் குழந்தை அல்ல. தெற்கில் நடந்த கிளர்ச்சிக்கு 1959லிருந்து ஆளும் ஆயுதமும் அனுப்பிக்கொண்டிருந்தது. லே சுவான் தலைமையில் தீவிரவாதிகளின் கை ஓங்கி, 1963 டிசம்பரில் போரை முடுக்கிவிடக் கட்சி தீர்மானித்திருந்தது. வாஷிங்டனும் புதிதாக வந்து சேர்ந்த கட்சிக்காரர் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1954ல் தோற்று வெளியேறியபோது அவர்கள் போர்ச் செலவில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை அமெரிக்காதான் சுமந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜெனீவாவில் செய்த ஏற்பாட்டின்படி 1956 ஜூலையில் இரு வியட்நாமுக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடந்தால் ஹோ சி மின் ஜெயித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். சைகோனில் அமெரிக்கா தாங்கிப் பிடித்த ங்கோ தின் தியெம் தேர்தலுக்கு மறுத்தார், வாஷிங்டன் தலையாட்டியது. அதே தியெமை 1963 நவம்பரில் அவருடைய தளபதிகளே கொன்றபோதும் வாஷிங்டனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஆண்டு முடிவில் அங்கிருந்த அமெரிக்க ராணுவ ‘ஆலோசகர்கள்’ சுமார் 16,000 பேர்.

ஆக, பெட்ரோல் கொட்டி வைத்தாகிவிட்டது. தீக்குச்சிதான் வேண்டியிருந்தது. வெளியுறவு அதிகாரி வில்லியம் பண்டி தயாரித்த ஒரு தீர்மான நகல் 1964 கோடையிலேயே மேஜை அறைக்குள் தயாராக இருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதிபர் தேவையான நடவடிக்கை எடுக்க நாடாளுமன்றம் அனுமதி அளிக்கும் தீர்மானம். தேர்தல் ஆண்டில் அதை எந்த முகாந்திரத்தில் கொண்டுபோவது என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது.

மறுபடியும் ஆகஸ்ட் 4. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முந்தாநாள் தாக்குதலின் பதற்றம் மாலுமிகளுக்கு இன்னும் தணியவில்லை. கப்பல் திடீர் திடீரென்று திரும்பியபோது அதன் சுக்கான் எழுப்பிய ஓசையே ஒலியுணர் கருவியில் டார்ப்பிடோவாகக் கேட்டது. ராடார் திரையில் அலைகள் படகுகளாகத் தெரிந்தன. ஒரு கட்டத்தில் மாடக்ஸின் பீரங்கி அதிகாரிக்குத் திரையில் அருமையான ஓர் இலக்கு கிடைத்தது. சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அவருக்கு ஏதோ உறுத்த, டர்னர் ஜாய் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டார். அந்த இலக்கே டர்னர் ஜாய்தான்!

மேலே விமானத்தில் தாழப் பறந்து சுற்றிய ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற கடற்படை விமானி எதிரிப் படகு எதையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கறுத்த தண்ணீரும் அமெரிக்கப் பீரங்கிகளின் வெளிச்சமும்தான் என்று பின்னாளில் எழுதினார். மறு ஆண்டு சுட்டு வீழ்த்தப்பட்டு ஏழாண்டுகளுக்கு மேல் ஹனோய் சிறையில் சித்திரவதை அனுபவித்தவர் அவர். எந்தச் சண்டைக்காகப் போர் தொடங்கியதோ அது நடக்கவே இல்லை என்ற உண்மையை எதிரி தன்னிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாதே என்ற பயம் அவரைச் சிறையில் வாட்டியது.

கப்பல்களுக்குப் பொறுப்பேற்றிருந்த கேப்டன் ஜான் ஹெரிக் நேர்மையான மனிதர். சில மணி நேரத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டார்ப்பிடோத் தகவல்களில் பல நம்பத்தக்கவையாக இல்லை, மோசமான வானிலையும் அதீத ஆர்வம் கொண்ட கருவியாளர்களும் காரணமாக இருக்கலாம், மாடக்ஸில் யாரும் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, மேற்கொண்டு எதுவும் செய்யும் முன் முழுமையாக ஆராயுங்கள் என்று அவசரத் தந்தி அனுப்பினார். அது பென்டகனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அன்றுதான் முழு நாள் வேலையைத் தொடங்கியிருந்த டேனியல் எல்ஸ்பெர்க் என்ற இளம் அதிகாரியின் கைக்கும் அது வந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா பசிபிக் படைத் தளபதி அட்மிரல் ஷார்ப்பைத் தொலைபேசியில் பிடித்து, தாக்குதல் நடக்காமலே இருந்திருக்குமோ என்று கேட்டார். லேசான வாய்ப்பு இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குள் பதிலடிக்கான ஏற்பாடுகள் ஓட ஆரம்பித்திருந்தன. அவற்றை நிறுத்தும் அளவுக்கு யாருக்கும் சந்தேகம் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம்.

அன்றிரவு 11.36க்கு அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். அமெரிக்கக் கப்பல்கள் மீண்டும் தாக்கப்பட்டன, பதிலடி தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். அமெரிக்க விமானங்கள் 64 முறை பறந்து படகுத் துறைகளையும் வின் நகர எண்ணெய்க் கிடங்கையும் தாக்கின. ஒரு விமானி இறந்தார். எவரெட் அல்வரெஸ் என்ற இன்னொருவர் பிடிபட்டார். அவர் வீடு திரும்பியது 1973 பிப்ரவரியில், எட்டரை ஆண்டுகள் கழித்து. ஜான்சனுக்கே இந்த விஷயத்தில் நம்பிக்கை இல்லை. அந்த முட்டாள் மாலுமிகள் பறக்கும் மீன்களைச் சுட்டிருப்பார்கள் என்று தனக்கு நெருக்கமானவர்களிடம் அவர் பின்னர் கேலி பேசியது பதிவாகியிருக்கிறது.

நாடாளுமன்றத்தில் நடந்தது அதைவிட மோசம். பிரதிநிதிகள் சபை விவாதத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கவில்லை. ஓட்டு 416க்குப் பூஜ்யம். செனட்டில் தீர்மானத்தைக் கரையேற்றும் பொறுப்பை ஜான்சன் தன் பழைய நண்பர் வில்லியம் ஃபுல்பிரைட்டிடம் ஒப்படைத்தார். குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர் போர் வெறியராக வலம் வந்த தேர்தல் அது. ஜான்சனைப் பலப்படுத்துவதுதான் அமைதிக்கு நல்லது என்று ஃபுல்பிரைட் உண்மையாகவே நம்பினார். அமெரிக்காவின் பங்கு ஆலோசனை அளவில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவர கேலார்ட் நெல்சன் முயன்றார். அதிபரின் எண்ணமும் அதுதானே, திருத்தம் எதற்கு என்று ஃபுல்பிரைட் சமாதானம் சொல்லி உட்கார வைத்தார்.

உட்கார மறுத்தவர்கள் இரண்டே பேர். ஓரிகான் மாநிலத்தின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். மோர்ஸ் சட்டப் பேராசிரியராக இருந்தவர், முரட்டுக் குணம், கட்சி மாறியவர், சக செனட்டர்கள் அவரைக் கண்டாலே நழுவுவார்கள். பென்டகனில் இருந்து யாரோ ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, மாடக்ஸின் பயணக் குறிப்பேட்டைக் கேளுங்கள், தீவுகள் மீது நடந்த தாக்குதலைப் பற்றிக் கேளுங்கள் என்று துப்புக் கொடுத்திருந்தார். மோர்ஸ் கேட்டார். நம் கடற்படைக்கும் அந்தத் தாக்குதல்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதுபற்றித் தெரியவும் தெரியாது என்று மெக்நமாரா அடித்துச் சொன்னார். போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது, தேதி போடாத காசோலையைக் கொடுக்க அரசியல் சட்டம் அனுமதிக்கவில்லை என்பது மோர்ஸின் வாதம். காலி நாற்காலிகள்தான் அதைக் கேட்டன. ஆகஸ்ட் 7ம் தேதி செனட்டில் 88க்கு 2. மூன்றாம் நாள் ஜான்சன் கையெழுத்திட்டார்.

அமெரிக்க இளைஞர்களை ஆசியர்களின் சண்டைக்கு அனுப்ப மாட்டேன் என்று பிரசாரம் செய்து நவம்பரில் 44 மாநிலங்களை அள்ளினார் ஜான்சன். 1965 மார்ச் 2ம் தேதி வடக்கு வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பம். மார்ச் 8ம் தேதி 3,500 மரைன் வீரர்கள் டனாங் கடற்கரையில் இறங்கினார்கள். 1964 கடைசியில் சுமார் 23,000 பேராக இருந்த படை ஓராண்டில் 1,84,000 ஆனது, 1969ல் 5,43,000. போர் அறிவிப்பு என்ற ஒன்று கடைசிவரை வரவில்லை. கேட்டவர்களிடம் டோங்கின் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்கள். போர்ப் பிரகடனத்துக்கு அதுவே சமம் என்று ஜான்சன் அரசின் துணை வெளியுறவு அமைச்சர் நிக்கலஸ் காட்சன்பாக் 1967ல் செனட் குழு முன்பு சொன்னபோது ஃபுல்பிரைட்டின் முகம் எப்படி இருந்திருக்கும்!

அதற்குள் ஃபுல்பிரைட் மனம் மாறியிருந்தார். 1966ல் வியட்நாம் போர் பற்றி அவர் தொலைக்காட்சிக் காமிராக்களுக்கு முன் நடத்திய விசாரணைகள் நடுத்தர அமெரிக்கக் குடும்பங்களின் கூடத்துக்குள் சந்தேகத்தைக் கொண்டுவந்தன. 1968 பிப்ரவரியில் டோங்கின் சம்பவத்தையே தோண்டினார். ஹெரிக்கின் தந்தி வெளியே வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவருக்கும் அதனால் பயன் ஏதுமில்லை. அந்த ஆண்டே இருவரும் பதவி இழந்தார்கள். க்ரூனிங்கைக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் வீழ்த்தியவர் மைக் கிராவல். விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்: எல்ஸ்பெர்க் நகலெடுத்து வெளியிட்ட பென்டகன் ரகசிய ஆவணங்களை 1971ல் நாடாளுமன்றப் பதிவில் ஏற்றுவதற்காக இரவில் உட்கார்ந்து கண்ணீரோடு வாசித்தவர் அதே கிராவல்தான்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு மூலையில் நாற்காலி இருந்தது. ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்க அமைத்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை இந்தியா. உறுப்பினர்கள் கனடாவும் போலந்தும். அதிகாரமில்லாத நடுவர் வேலை. வடக்கு ஆள் அனுப்புகிறது, தெற்கு அமெரிக்க ஆயுதங்களை இறக்குமதி செய்கிறது என்று 1962ல் இரு தரப்பையும் குற்றம் சாட்டி அறிக்கை தந்தது. இரு தரப்பும் தமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் படித்தன. குழுவின் கனடா பிரதிநிதி பிளேர் சீபோர்ன் 1964ல் வாஷிங்டனின் எச்சரிக்கையை ஹனோய்க்குச் சுமந்து சென்று பிரதமர் ஃபாம் வான் தோங்கிடம் சேர்த்தார். நடுநிலைக் குழுவின் தொப்பியோடு ஒரு தரப்பின் தூதர்!

தில்லியின் சங்கடம் வேறு மாதிரி. 1965லும் 1966லும் பருவமழை பொய்த்தது. 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு ரோமில் உட்கார்ந்து விவசாயக் கொள்கை மாற்றங்களை ஒப்புக்கொண்டார். அப்படியும் கப்பல்களைக் கயிற்றைச் சுண்டிச் சுண்டித்தான் விட்டார் ஜான்சன். குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்று இந்திரா காந்தி பேசியது அவருக்கு ஆத்திரமூட்டியது. ஐ.நா. பொதுச்செயலாளரும் போப்பாண்டவரும் சொல்வதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று ஒருவர் சமாதானம் செய்ய, அவர்கள் இருவருக்கும் நம் கோதுமை தேவையில்லையே என்று பதில் வந்ததாக ராஜதந்திர வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. பசுமைப் புரட்சியின் பின்னால் பசி மட்டுமல்ல, இந்த அவமானமும் இருந்தது.

இத்தனைக்கும் எந்தப் பூதத்துக்குப் பயந்து இந்தப் போர்? ஒரு நாடு கம்யூனிசத்திடம் விழுந்தால் வரிசையாக நிற்கும் சீட்டுகள் சரிவதுபோல் ஆசியாவே சரியும் என்றார் ஐசன்ஹோவர் 1954ல். 1975 ஏப்ரல் 30ல் சைகோன் விழுந்தது. லாவோஸும் கம்போடியாவும் அதே ஆண்டில் விழுந்தன. அத்தோடு சரிவு நின்றது. நாலே ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் வியட்நாம் கம்யூனிஸ்ட் கம்போடியாவுக்குள் படையெடுத்துப் போல்பாட்டை விரட்ட, கம்யூனிஸ்ட் சீனா வியட்நாம் மீது பாய்ந்தது. மாஸ்கோ, பீகிங், ஹனோய் எல்லாம் ஒரே கயிற்றில் ஆடும் பொம்மைகள் என்று நம்பியவர்கள் ஆயிரம் ஆண்டுச் சீன ஆதிக்கத்தை வியட்நாமியர்கள் மறக்கவில்லை என்பதை ஒரு பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

மெக்நமாரா 1995ல் தன் நினைவுகளை வெளியிட்டு, நாங்கள் செய்தது தவறு, மாபெரும் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த நவம்பரில் ஹனோய்க்கே போய் ஜெனரல் வோ ங்குயென் கியாப்பைச் சந்தித்தார். ஆகஸ்ட் 4ம் தேதி என்னதான் நடந்தது என்று கேட்டார். ஒன்றுமே நடக்கவில்லை என்றார் கியாப். முப்பத்தோரு ஆண்டு கழித்துக் கேட்ட கேள்வி அது. அன்றைக்கே ஹெரிக்கின் தந்திக்குப் பதில் போட்டிருந்தாலே விடை கிடைத்திருக்கும். மன்னிப்புக் கேட்கிற வயதில் வருகிற தெளிவால் செத்தவர்களுக்கு என்ன லாபம் என்று அமெரிக்காவிலேயே பலர் அவர் மீது பாய்ந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

மிச்சம் இருந்த ஒரு முடிச்சு 2005ல் அவிழ்ந்தது. வடக்கு வியட்நாமின் ரகசியச் செய்திகளை ஒட்டுக் கேட்டதே ஆகஸ்ட் 4 தாக்குதலுக்கு அசைக்க முடியாத ஆதாரம் என்று அதுவரை சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியின் சொந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் ஹான்யாக் அந்தக் கோப்புகளைப் புரட்டினார். அன்றிரவு வடக்கு வியட்நாம் கடற்படை, இரண்டு நாள் முன்பு அடிபட்ட படகுகளை மீட்கும் வேலையில் இருந்திருக்கிறது. தாக்குதல் நடக்கவில்லை என்பதைக் காட்டும் செய்திகளில் பெரும்பகுதியை அதிகாரிகள் மேலே அனுப்பவே இல்லை. அனுப்பியதில் மொழிபெயர்ப்புப் பிழைகள். மேலிடத்தின் உத்தரவால் நடந்ததல்ல, இடைநிலை ஆட்கள் தங்கள் முதல் தவறை மூடி மறைக்கச் செய்தது என்பது அவர் முடிவு. பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதே இல்லை. மேலே எது விருப்பம் என்று கீழே தெரிந்தால் போதும். ஹான்யாக்கின் கட்டுரையையே ஏஜென்சி சில ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தது. இராக்கில் இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காட்டி 2003ல் தொடங்கிய போரோடு ஒப்பிட்டுவிடுவார்கள் என்ற தயக்கமும் தாமதத்துக்குக் காரணம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

டோங்கின் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1971 ஜனவரியில் ரத்து செய்தது. போர் அதற்குப் பிறகும் நடந்தது. 1973 நவம்பரில் நிக்சனின் எதிர்ப்பை மீறி, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் படைகளை 60 நாட்களுக்கு மேல் சண்டையில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பின் வந்த அதிபர்கள் ஒவ்வொருவரும் அதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2001 செப்டம்பர் 14ம் தேதி, இரட்டைக் கோபுரத் தாக்குதலின் மூன்றாம் நாள், இன்னொரு தீர்மானம் வந்தது. செனட்டில் 98க்குப் பூஜ்யம். பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. அந்த ஒற்றை ஓட்டு கலிபோர்னியாவின் பார்பரா லீ போட்டது. கொலை மிரட்டல்கள் குவிந்தன. போலீஸ் காவல் தேவைப்பட்டது. தன் ஓட்டுக்கு விளக்கம் தந்தபோது வெய்ன் மோர்ஸின் பெயரைத்தான் அவர் நினைவுபடுத்தினார். ஆப்கானிஸ்தானுக்காக நிறைவேறிய அந்தத் தீர்மானத்தைக் காட்டி அடுத்தடுத்த அதிபர்கள் ஏமன், சோமாலியா, சிரியா வரை குண்டு போட்டார்கள்.